தண்ணீர் ஊற்றக் கூடாத மாதங்கள்

2024 நவம்பர் 19, செவ்வாய்

காலையில் பின் விறாந்தைச் செடியில் இன்னொரு இலை மஞ்சளாகிவிட்டது. நுனியில் மட்டும் அல்ல, அடியிலிருந்து முழுதாக. மதினி அதைக் கிள்ளி எடுத்து, "பாவம், அதுக்கும் விளங்குது போல" என்றார். றம்ஸியா மதினி, என் அண்ணன் நிப்றாஸ் காக்காவின் மனைவி. புருஷன் இறந்து நான் இருக்கிற இத்தா முடியும்வரை துணைக்கு நிற்பதற்காகக் கிண்ணியாவிலிருந்து வந்திருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் வீட்டில் எது நடந்தாலும் அதை அவருடைய மௌத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். நேற்றுப் பால் திரைந்ததற்கும் அப்படித்தான்.

இன்றும் ஆட்கள். வருகிற எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். படகு கட்டுகிற ஜெட்டியில் வேலையாக நின்றார், நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி அது என் கதை மாதிரியே இல்லை. யாரோ அடுத்த தெருவில் நடந்ததை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த டயறி வருஷ ஆரம்பத்தில் ஒரு மருந்துக் கொம்பனி தந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற எங்களுக்கு இப்படி நிறையக் கிடைக்கும். இதுவரை வெறுமையாகக் கிடந்தது. இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்ட ஏலாது, வேலைக்குப் போக ஏலாது. இதிலாவது ஏதும் கிறுக்குவோம்.

நவம்பர் 22, வெள்ளி

அந்தச் செடியைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். பிறகு மறந்துவிடுவேன்.

அவர் மௌத்தாவதற்கு முந்தின கிழமை அதை மோட்டார்சைக்கிளில், பெட்ரோல் தாங்கிக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக் கொண்டு வந்தார். துறைமுக இழுவைப் படகில் கூட வேலை செய்யும் யோகலிங்கம் கொடுத்ததாம். யோகலிங்கம் மேலே சுக்கானில், இவர் கீழே எஞ்சினில். சட்டியில் பக்கமெல்லாம் ஓட்டை. உள்ளே மண்ணே இல்லை, கரியும் தேங்காய்ப் பொச்சு மட்டைத் துண்டுகளும்தான். அதற்குள்ளிருந்து குட்டையான தடித்த தண்டுகள் சில. இலை அகலமாக, மெல்லியதாக, மஞ்சள் கன்றின் இலை போல வரிவரியாக இருந்தது. ஓர்க்கிட் என்றார். ஓர்க்கிட் எனக்குத் தெரியாதா? மதில்களில் ஊதாப் பூவோடு தொங்குமே. இது அந்தச் சாதி இல்லை.

இது மிளகாய்க் கன்றே கருகிப்போகிற வீடு. எஞ்சின் எண்ணெய் மணக்கிற ஆளுக்குப் பூ எதற்கு என்று கேட்டேன்.

"இது மத்தது மாதிரி இல்ல சனூஸா. இதுக்கு ஒரு காலம் வரும். அந்த நேரம் என்ன செய்யிற எண்டு நான் சொல்றன்" என்றார். பிறகு சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

அந்தக் காலம் இதுதானா? இலை எல்லாம் பழுக்கிறதே. என்ன செய்யிற?

நவம்பர் 27, புதன்

மழை விடவே இல்லை. கீழ்த் தெரு முழுக்க வெள்ளம். துறைமுகப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு மறைப்பு. அப்படியிருந்தும் இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்கள். பாத்திரத்தைக் குசினியில் வைத்தார்கள். பின் விறாந்தைக்குப் போனார்கள். மழைச் சாரல் அடித்து ஏற்கனவே நனைந்து நின்ற சட்டிக்கு ஆளுக்கொரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

இதை ஆரம்பித்து வைத்ததே நான்தான். ஜனாஸா அடக்கிய அன்று அவருடைய சாச்சி மகள் ஒருத்தி அழுகையை நிறுத்தவே இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "அந்தா பாருங்க, அவர் கடைசியாக் கொண்டு வந்து வச்ச மரம்" என்றேன். அவ்வளவுதான். ஒருவர் வைத்த மரம் நிற்கும்வரை அவருக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும் என்பது நாங்கள் சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தது. அவள் எழும்பிப் போய், பிஸ்மி சொல்லி முதல் கோப்பையை ஊற்றினாள். பிறகு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு என் முகத்தைப் பார்ப்பது ஒரு வேலை, அந்தச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வேலை.

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு கோப்பையும் அவருக்கே போய்ச் சேருகிற மாதிரி.

டிசம்பர் 3, செவ்வாய்

காக்கா வந்தார். நிப்றாஸ் காக்கா எதையும் பாதியில் விடாத மனிதர். வீட்டின் பின்பக்கம் எனக்கென்று ஒரு அறை கட்டத் தொடங்கிவிட்டாராம். தனிக் குளியலறையும் உண்டாம். இத்தா முடிந்ததும் என்னைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார், இந்த வீட்டைப் பூட்டி வைக்கலாம் அல்லது யாரையும் இருத்தலாம், பிள்ளை குட்டி இல்லாத பொம்பிளை துறைமுகக் கரையில் தனிய எப்படி இருப்பது என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்பார்கள். எங்களுக்கு அது நிக்காஹ்வோடு முடிவதில்லை. காக்கா திருப்தியாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு இந்த வீடுதான் வேண்டும். உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இங்கிருந்து ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். கிண்ணியாவில் நான் யார்? பின் அறையில் இருக்கிற மாமி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, வெங்காயம் உரிக்க. யாரும் கொடுமை செய்ய மாட்டார்கள். அன்பாகவே வைத்துக்கொள்வார்கள். அதை நினைக்கவே களைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

யோகலிங்கத்தின் மனைவி ஜெயரூபி சாம்பல்தீவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தா. இத்தா என்றபடியால் அவர் வரக் கூடாது, பேசக் கூடாது என்று தெரிந்து மனைவியை அனுப்பியிருக்கிறார். வந்தவ நேரே பின் விறாந்தைக்குப் போய்ச் சட்டிக்குள் மூக்கை வைத்து மணந்தா. முகம் மாறிவிட்டது.

"ஐயோ அக்கா, ஆர் இவ்வளவு தண்ணி விட்டது?"

ஆர் விடவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போனை எடுத்து வீட்டுக்காரரோடு கதைத்தா. அவர் சொல்லச் சொல்ல எனக்குத் திருப்பிச் சொன்னா. இது சாகவில்லையாம். நித்திரைக்குப் போகிறதாம். இலை எல்லாம் கொட்டி, மொட்டைத் தண்டாக மாதக்கணக்கில் நிற்குமாம். அந்த நேரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாதாம். தண்ணீர் பட்டால் அழுகிவிடுமாம். பிறகு அடியில் புதுமுளை வரும், அதில் வேர் விடும், வேர் ஒரு விரல் நீளம் வந்த பிறகுதான் தண்ணீர். அதன் பெயரையும் சொன்னா, கட்டசீட்டம். மருந்துப் போத்தலில் ஒட்டுகிற பெயர் மாதிரி இருந்தது.

எங்கள் அவர் ஏன் இதைக் கேட்டு வாங்கினார் என்றும் சொன்னா. பூவுக்குள் கம்பி மாதிரி ஒன்று இருக்குமாம். வண்டு வந்து அதில் தட்டினால் மகரந்தம் பாய்ந்து வண்டின் முதுகில் அடிக்குமாம். யோகலிங்கம் போனில் அந்தப் படத்தைக் காட்டியபோது, "ஸ்பிறிங் வச்ச பூவா?" என்று கேட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். அதுதானே பார்த்தேன். பூவுக்காக இல்லை, ஸ்பிறிங்குக்காக.

ஜெயரூபி போன பிறகு மதினி, "அப்ப இதுவும் உங்களப் போல இத்தா இரிக்கி எண்டு சொல்லுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைப் பார்த்தாலும் அதில் என்னைக் காட்டுகிறார்கள். செடியைச் செடியாக விட்டால் என்ன?

டிசம்பர் 13, வெள்ளி

சொல்ல ஏலவில்லை.

ஒருத்தி கையில் கோப்பையோடு, கண்ணை மூடி, உதடு அசைய நிற்கிறாள். அவரை நினைத்துத்தான் நிற்கிறாள். அவளிடம் போய் "ஊத்தாதீங்க" என்று எந்த வாயால் சொல்வது? நேற்று ஒரு மட்டையில் 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று எழுதிச் சட்டியில் செருகினேன். அஸர் தொழுகைக்குள் கதை தெருவுக்குப் போய்விட்டது. அபூதாஹிருடைய பெண்சாதி, நான்தான், அவர் வைத்த மரத்துக்குக்கூட யாரையும் கிட்ட விடுகிறாவில்லையாம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன்.

சட்டியை அறைக்குள் கொண்டு வந்து வைத்தேன். வெயில் படட்டும் என்று மதினி திரும்ப வெளியே தூக்கி வைத்துவிட்டார்.

எத்தனை வருஷமாக மருந்துச் சாளரத்துக்குப் பின்னால் இருந்து அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, ஒன்றரை, அதற்கு மேலே வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கிழவர்களை ஏசியிருக்கிறேன். சொந்த வீட்டில் வாய் வரவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஒரு தண்டு கனிந்த வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அமத்தினால் தண்ணீர் வருகிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

மதினி குளிக்கப் போன நேரம் சட்டியை உடைத்தேன். வேர் ஓட்டைகளில் பின்னி நின்றதால் இழுக்க வரவில்லை, உடைக்கத்தான் வேண்டியிருந்தது. அழுகல் மணம். ஜெயரூபி போனில் சொன்னபடி புது பிளேடை நெருப்பில் காட்டி வெட்டினேன். வெட்டு வாயில் கறுவாத் தூள் அப்ப வேண்டுமாம். கறிக்கு இடிக்கிற கறுவா, அவருக்குப் பிடித்த மணம். ஒன்றை வெட்டினால் அழுகல் அடுத்ததற்கும் போயிருக்கிறது. அதையும் வெட்டு. அதற்கு அடுத்ததையும்.

கடைசியில் ஒன்றே ஒன்று சுத்தமாக நின்றது. என் நடுவிரல் அளவு.

தரையில் இருந்து அழுதேன். செடிக்காக அழுதேனா? தெரியாது. சொல்றன் எண்டு சொன்னீங்களே. சாப்பிட்டுட்டு நிம்மதியாப் படுத்தீங்களே. இரண்டு வார்த்தை, தண்ணி ஊத்தாத எண்டு, அதைச் சொல்லிப்போட்டுப் படுத்திருக்கக் கூடாதா? எல்லாத்தையும் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சு விட்டுட்டுப் போறதா? எஞ்சினை நிப்பாட்டுறதெண்டாலும் ஆளுக்குச் சொல்லிட்டுத்தானே நிப்பாட்டுவீங்க.

மதினி வந்து ஒன்றும் கேட்கவில்லை. தூளைக் கூட்டி அள்ளினார். அதற்காக அவரை எப்போதும் நினைப்பேன்.

2025 ஜனவரி 2, வியாழன்

புது டயறி கிடைக்கவில்லை. இதிலேயே பின்பக்கங்களில் எழுதுகிறேன். வேறு செய்தி இல்லை.

ஜனவரி 8, புதன்

மாமி நாளை வருகிறாராம். அவருடைய உம்மா. மூதூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஜனாஸாவுக்குப் பிறகு படுக்கையில் விழுந்தவர், இப்போது கொஞ்சம் எழும்பியிருக்கிறார். என்னோடு கொஞ்ச நாள் நிற்க வேண்டுமாம். மகன் வைத்த மரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

இனி என்ன செய்வது?

ஒரு வேலை செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நல்ல தண்டைப் பழந்துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தேன். வெட்டி எறிந்தவற்றில் ஒன்றின் மேல்பாதி காய்ந்து விறைப்பாகக் கிடந்தது. அதைப் புதுச் சட்டியில் பொச்சு மட்டை போட்டு நட்டுப் பின் விறாந்தையில் பழைய இடத்தில் வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதுவும் மொட்டை, இதுவும் மொட்டை. இனி யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றட்டும். நன்மை எப்படியும் போய்ச் சேரும்தானே. எண்ணத்துக்குத்தானே கூலி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

மாமி விடியச் சுபஹ் தொழுதுவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்த கேத்தலில் மிச்சமிருக்கிற தண்ணீரைக் கொண்டு போய் அந்தக் கட்டைக்கு ஊற்றுகிறார். குனிய ஏலாது, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு ஊற்றுகிறார். ஊற்றி முடிய அதே இடத்தில் நின்று மகனுக்காகத் துஆ கேட்கிறார். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிம்மதி என்று அன்றைக்கு எழுதியதை வெட்டிவிட வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றும்.

பெப்ரவரி 6, வியாழன்

அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துப் பார்த்தேன். தண்டு சுருங்கித்தான் போயிருக்கிறது. ஆனால் அடியில் ஒரு பச்சைப் புள்ளி! ஊறவைத்த பயற்றில் முளை வெடிக்கிற அளவுக்கு. கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பவும் பார்த்தேன். முளைதான்.

யாரிடம் சொல்வது? வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சொல்ல ஏலாது. துணியில் சுற்றித் திரும்ப மேலே வைத்தேன். சந்தோஷத்தைக்கூட ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

பெப்ரவரி 15, சனி

மாமி இன்று காலை தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வரவில்லை. படியிலேயே இருந்தார். தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"பக்கத்து வளவில மழைக்குப் பிறகு எல்லாம் துளிர்த்திரிக்கி மகள்" என்றார். "நானும் விடியக் காலத்தில எழும்பி எழும்பி ஊத்துறன். ஒரு இலை வருதா பாரு. என்ட தண்ணி அவனுக்குச் சேரல்ல போல."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் படியில் வைத்தேன்.

"பெத்தவள்ட துஆ ஏறாட்டி வேற ஆர்ட ஏறும்?"

அப்போதும் கட்டை என்று சொல்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நான் ஒரு கட்டையை நட்டு வைத்துவிட்டு, பெற்ற தாயைத் தன் துஆவின் மேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறேன். நாளைக்குச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாமி கேத்தலோடு போகும்போது மறித்தேன். அறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் இருத்தி, அலுமாரிக்கு மேலிருந்து துணியை இறக்கி அவிழ்த்துக் காட்டினேன். இதுதான் உண்மையானது, வெளியில் நிற்பது செத்த கட்டை, தண்ணீர் பட்டால் இதுவும் செத்துவிடும், அதனால் ஒளித்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். முளையைக் காட்டினேன். அவருக்குச் சின்னது கண்ணுக்குத் தெரியாது. விரலைப் பிடித்து மெதுவாகத் தொட வைத்தேன்.

முளையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்ப நான் இவ்வளவு நாளும் கட்டைக்கா ஊத்தின?"

"ஓம் மாமி."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டன் மகள். நான் என்ன, அவன்ட மரத்தக் கொல்லவா வந்தன்?"

உண்மையைத்தான் கேட்டார். வேண்டாம் என்று ஒருவரிடமும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. மட்டையில் எழுதினேன், அறைக்குள் வைத்தேன், கட்டையை நட்டேன். பிறகு எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று டயறியில் முறைப்பாடு எழுதுகிறேன்.

பெப்ரவரி 17, திங்கள்

மாமி மூதூருக்குப் போய்விட்டார். மகள் வந்து கூட்டிப் போனாள். சலாம் மட்டும் சொன்னார்.

விறாந்தையில் இருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். மதினி விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு, "என்னையும் ஏமாத்தினீங்களே, நானும் அந்தக் கட்டைய எத்தின தரம் வெயிலுக்குத் தூக்கி வச்ச" என்று கோபப்பட்டார். பிறகு சிரித்தார். பிறகு திரும்பவும் கோபப்பட்டார்.

பெப்ரவரி 25, செவ்வாய்

காக்கா போனில். அறைக்கு மாபிள் பதித்து முடிந்ததாம். நீல நிறமா பச்சையா வேண்டும் என்று திரைச்சீலைக்குக் கேட்டார். நான் "ம்" என்றேன். நீலத்துக்கா பச்சைக்கா அந்த "ம்"?

கொஞ்சம் இரு. இப்படித்தானே எல்லாம் நடக்கிறது. காக்காவுக்கு என் மனம் எப்படித் தெரியும்? அவர் கேட்டால் அல்லவா சொல்ல என்று நினைத்திருந்தேன். அவர் கேட்கிறார். நான்தான் "ம்" என்கிறேன். என்னிடம் யாராவது மருந்துச் சீட்டை நீட்டிவிட்டு "ம்" என்று மட்டும் சொன்னால் பேசாமலா விடுவேன்?

மார்ச் 5, புதன்

நோன்பு. பின்னேரத்தில் உடம்பு துவண்டு போகிறது. முளை இரண்டு அங்குலம். அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு, வேராகத்தான் இருக்க வேண்டும். இப்போது கரியும் பொச்சு மட்டையும் போட்ட சட்டியில் வைத்திருக்கிறேன், காய்ந்தபடி. அயலவர் ஒருத்தி கஞ்சி கொண்டு வந்தாள். வழமை போலக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். "இல்ல ரிஸ்லா, அதுக்கு இப்ப தண்ணி ஊத்தக் கூடாது, செத்திரும்" என்றேன். "அப்படியா ராத்தா" என்று கோப்பையை வைத்துவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைக் கேட்டாள்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

மார்ச் 13, வியாழன்

இத்தா முடிந்தது. குளித்தேன். மதினி புது உடுப்பு எடுத்துத் தந்தார். நோன்பு திறக்கிற நேரத்துக்குக் காக்கா வான் வண்டியோடு வந்துவிட்டார். என் பெட்டிகளை ஏற்றுவதற்காக.

ஈத்தம்பழம் வாயில் வைத்து, தண்ணீர் குடித்து, அவர் கஞ்சியைக் கையில் எடுக்கும்வரை பொறுத்தேன். பிறகு சொன்னேன்.

"காக்கா, நான் வரல்ல. இஞ்சதான் இரிக்கப் போறன். திங்கள் வேலைக்குப் போறன்."

காக்கா மதினியைப் பார்த்தார். மதினி கஞ்சியைப் பார்த்தார்.

"அறையெல்லாம் கட்டி…" என்றார்.

"தெரியும். முன்னமே சொல்லியிருக்கணும். என்ட பிழை. ஆனா வரல்ல."

கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார் என்று நினைத்தேன். கஞ்சியை முழுக்கக் குடித்தார். தொழுதார். பிறகு வானை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு பெரிய தாழ்ப்பாளும் இரண்டு பூட்டும் வாங்கி வந்து, பின்கதவிலும் குசினிக் கதவிலும் தானே பொருத்தினார். ஸ்க்ரூ இறுகவில்லை என்று ஒருதரம் கழற்றித் திரும்பப் போட்டார். என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மதினியும் அவரோடே போய்விட்டார். வாசலில் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். வீடு இப்படி ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பயம்தான். யார் இல்லை என்றது?

மார்ச் 17, திங்கள்

வேலை. கால் வீங்கிவிட்டது. வந்து அப்படியே படுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பெருநாளைக்கு மூதூர் போனேன். மாமி வட்டிலப்பம் தந்தார், இரண்டாவது துண்டும் வைத்தார். செடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரும்போது தலையில் கை வைத்தார். கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை. சேரவில்லை என்று அன்று சொன்னாரே, அந்த எண்ணம் இன்னும் அவருக்குள் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண் மூடிக்கொண்டு போனதில் இறங்குகிற இடம் தப்பிவிட்டது.

ஏப்ரல் 26, சனி

வேர் ஒரு விரல் நீளம் வந்துவிட்டது. இரண்டு இலையும் விரிந்திருக்கிறது. இனி யோகலிங்கத்தோடு நேரே கதைக்கலாம்தானே, போன் எடுத்துக் கேட்டேன். இனித் தண்ணீர் கொடுக்கலாமாம். கொஞ்ச நஞ்சம் இல்லை, இந்த வெயிலுக்கு நாளும் வழிய வழிய ஊற்ற வேண்டுமாம். இந்தச் சாதி நித்திரையில் ஒரு சொட்டும் தாங்காது, எழும்பினால் குடித்துக்கொண்டே இருக்கும் என்றார். எங்கள் அவரைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தார். பிறகு டக்கென்று வைத்துவிட்டார்.

கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். ஊற்றவில்லை. அங்கேயே நின்று மூதூருக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, இப்ப ஊத்தலாம். வாறீங்களா?"

போனைக் கீழே வைக்கிற சத்தம். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "விடியப் பஸ் எத்தின மணிக்கு?" என்று யாரையோ கேட்பது கேட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாமி வந்துவிட்டார். மகளோடு அல்ல, தனியாக. உள்ளே வந்து இருக்கவும் இல்லை, நேரே பின் விறாந்தைக்குப் போனார்.

"இது கட்டை இல்லையே?" என்றார்.

"இல்ல மாமி. தொட்டுப் பாருங்க."

இலையைத் தொட்டார். அடியில் தடவி வேரைத் தொட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி, கோப்பைத் தண்ணீரை மெதுமெதுவாக ஊற்றினார். பொச்சு மட்டையால் வடிந்து தண்ணீர் சீமெந்தில் ஓடியது. பயந்து நிறுத்திவிட்டார்.

"போதுமா மகள்?"

"இன்னும் ஊத்துங்க மாமி. இப்ப எவ்வளவும் குடிக்கும்."

மிச்சத்தையும் ஊற்றினார். வெற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டினார். அது போதாது என்று நான் குசினிக்குப் போய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன்.